கசிவில்லாச் சண்டை

நாட்டு மின்சாரம் எங்கே போகிறது என்று ரொம்ப காலமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழு பல ஊர்களுக்குப் போய், பல விடுதிகளில் தங்கி, பல கூட்டங்கள் கூடி, கடைசியில் மின்சாரம் ஜன்னல் இடுக்கு வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்தது. வெயில் காலத்தில் ஏசி போட்டுக் குளிரவைத்த காற்று அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. குளிர் காலத்தில் ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய காற்றும் அதே வழியாகத்தான் போகிறது. ஆகவே இருக்கிற வீடுகளின் இடுக்குகளை அடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று குழு எழுதிக் கொடுத்தது.

இதில் தப்பே இல்லை. குழுக்கள் சொல்வதில் சில சமயம் உண்மையும் இருந்துவிடும். ஆனால் உண்மை தெரிந்ததும் யாராவது போய் இடுக்கை அடைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஓர் அலுவலகத்தைத் திறந்தார்கள். அதற்கு இல்லக் காற்றுக் கசிவு ஒழிப்பு அலுவலகம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த அலுவலகத்திலிருந்து உஷ் சாருக்கு ஒரு கடிதம் வந்தது. உஷ் சார் பொது நூலகத்தின் வாசிப்பறையில் உதவியாளர். இருபத்தாறு வருஷமாகப் பேசுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்று சொல்வதே அவர் உத்தியோகம். அதில் அவர் சொந்தக் குரலும் அடங்கிப்போய், வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட ரகசியம் சொல்வதுபோலத்தான் கேட்பார். அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பொழுதெல்லாம் ஒலிபெருக்கியில் பேசிவிட்டு வருகிற அந்த அம்மாளுக்கு வீட்டில் பேசத் தெம்பு இருப்பதில்லை. அதனால் பதினேழாம் எண் வீட்டில் சத்தம் என்பதே கிடையாது. தெருவில் எல்லோரும் அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் இப்படி இருந்தது: 'தங்கள் இல்லம் வரும் வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குக் கசிவுச் சோதனைக்கு உட்படுத்தப்படும். தேறாத இல்லங்களின் முன்கதவில் ஓட்டை வீடு என்று சிவப்பு எழுத்தில் எழுதப்படுவதுடன், அவற்றுக்கு நாளொன்றுக்குப் பாதி நேரமே மின்சாரம் வழங்கப்படும். சோதனைக்குரிய சண்டையைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ளவும்.'

உஷ் சார் கடைசி வரியை மூன்று முறை படித்தார். பிறகு மனைவியிடம் காட்டினார். அந்த அம்மாள் அதை அறிவிப்புப்போல் உரக்கப் படித்துவிட்டு, "ஏங்க, சண்டைன்னா போட்டிருக்கு. அச்சுப் பிழையா இருக்குமோ?" என்றாள்.

அச்சுப் பிழை இல்லை. அடுத்த நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரே அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார்.

கசிவு ஒழிப்பு அலுவலகத்தின் ஜன்னல் ஒன்றில் கண்ணாடியே இல்லை. காற்று தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்தது. எழுத்தர் ஒரு ஃபைலை இடது முழங்கையாலும் இன்னொரு ஃபைலை டிபன் டப்பாவாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்த ஜன்னல அடைக்கக்கூடாதா?" என்று உஷ் சார் கேட்டார்.

"என்ன சொல்றீங்க? காது கேக்கல."

அவர் எழுத்தரின் மேசைமேல் குனிந்து மறுபடியும் கேட்டார்.

"அது கட்டடப் பிரிவு ஜன்னல் சார். எங்களுக்கு வீடுங்க மட்டும்தான். எழுதிப் போட்டிருக்கோம், அவங்க பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

சண்டை எதற்கு என்று உஷ் சார் கேட்டார். எழுத்தர் பொறுமையாக விளக்கினார். கசிவை அளக்க ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. பெரிய விசிறி. வாசலில் பொருத்தி ஓட விட்டால் வீட்டுக் காற்றை இழுத்து, எங்கெங்கே இடுக்கு என்று காட்டிவிடும். ஆனால் அது மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆரம்பித்த அலுவலகம் மின்சாரத்தைச் செலவு செய்வதா என்று தணிக்கையில் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. இயந்திரத்தை அறையில் வைத்துப் பூட்டியாயிற்று.

"அப்புறம்தான் மேலிடத்துல யோசிச்சாங்க. சத்தம் எதுல போகுது? காத்துல. அப்ப சத்தம் வெளிய வந்தா காத்தும் வெளிய வருதுன்னுதானே அர்த்தம்? உள்ள சத்தம் போடணும், ஆய்வாளர் வெளிய நின்னு கேக்கணும். கேட்டா கசிவு இருக்கு, கேக்கலன்னா இல்ல."

"ரேடியோ வெச்சா போதாதா?"

"அதுவும் கரண்ட்லதானே சார் ஓடுது?" என்று எழுத்தர் வருத்தத்துடன் சொன்னார். "செலவில்லாம, எல்லா வீட்டுலயும் கிடைக்கிற, தரமான சத்தம் எதுன்னு பாத்தாங்க. புருஷன் பொண்டாட்டி சண்டை. அதுவும் உள்நாட்டு உற்பத்தி."

"எங்க வீட்ல நாங்க சண்டை போடறதில்லைங்க. விலக்கு தர முடியுமா?"

"போடறதில்லைன்னு சான்று இருக்கா?"

"யார்கிட்ட வாங்கணும்?"

"அக்கம்பக்கத்துல ரெண்டு பேர். இந்த வீட்டுச் சண்டை எங்களுக்குக் கேட்டதே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"அது சுலபம். வாங்கிட்டு வரேன்."

"வாங்கிட்டு வந்தா, கேக்கலைங்கிறதால உங்க வீட்ல கசிவு இல்லைன்னு ஆயிடும். கசிவு இல்லாத வீட்டுக்குச் சோதனை தேவையில்ல. சோதனை இல்லாம சான்றிதழ் தர முடியாது. சான்றிதழ் இல்லன்னா கதவுல எழுதிடுவோம்." எழுத்தர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "பேசாம இதை மனப்பாடம் பண்ணிடுங்க சார். மாதிரிச் சண்டை. படிவம் ஒன்பது."

உஷ் சார் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வருகிற வழியில் ஹார்டுவேர் கடையில் இடுக்கு அடைக்கிற பஞ்சு நாடா இரண்டு சுருள் கேட்டார். ஒன்றுதான் கிடைத்தது. அதற்குள் அது நாகரிகமாகிவிட்டிருந்தது. எதிர்வீட்டு மேனேஜர் கப்பலில் வரவழைத்த நாடா ஒட்டியிருந்தார். மேனேஜர் மனைவி எந்த வீட்டுக்குப் போனாலும், "எங்க வீடு மூச்சே விடாது, தெரியுமா?" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். கோடிவீட்டில் தனியாக இருந்த பல் டாக்டர், சண்டை போட ஆள் இல்லாமல் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, தன் அக்காவை அதிகாரம் பெற்ற சண்டைப் பிரதிநிதியாக வெளியூரிலிருந்து வரவழைத்தார். அந்த அம்மாள் வந்து சோதனை முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.

உஷ் சார் நாடாவோடு வேலையில் இறங்கினார். மெழுகுவத்தியை ஏற்றி ஒவ்வோர் இடுக்காகக் காட்டிப் பார்த்தார். சுடர் எங்கெல்லாம் ஆடியதோ அங்கெல்லாம் ஒட்டினார். முன்கதவைச் சுற்றி ஒட்டினார். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தார். கூடத்து ஜன்னல்களை முடித்தார். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் வெளியே போகிற ஓட்டையை மாவு வைத்து அடைத்தார். கடைசியாகப் படுக்கையறைக்கு வந்தார். கொல்லைப் பக்கத்து ஜன்னல். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு இடுக்கு. மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோனதுமே அணைந்துவிட்டது. நாடாவும் தீர்ந்துவிட்டது.

கட்டிலில் ஜன்னல் பக்கம் படுப்பது அவர் மனைவிதான். அந்த இடுக்கின் வழியாக வருகிற காற்று நேரே கழுத்தில் அடிக்கும் என்பதால் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு படுப்பாள். காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவாள். 'அந்த ஜன்னலக் கொஞ்சம் அடைச்சுக் குடுங்க' என்று அவள் முதல்முறை சொன்னது கல்யாணமான நாலாவது மாசம். இவர் 'பார்த்துக்கலாம்' என்றார். பிறகு ஒவ்வொரு குளிர் காலத்திலும் அவள் சொன்னாள், இவர் பார்த்துக்கலாம் என்றார். சில வருஷங்கள் கழித்து அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். உஷ் சார் அது சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

"அது பின்பக்கம்தானே? ஆய்வாளர் முன்பக்கம் நிப்பாரு," என்று இப்போது மெதுவாகச் சொன்னார். "அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த அம்மாள் துண்டை உதறி மடித்து வைத்தாள்.

புதன்கிழமை ஒத்திகை நடந்தது. படிவம் ஒன்பதில் இருந்தபடி உஷ் சார் ஆரம்பித்தார்: "தாங்கள் இன்று காலை குடிநீரைக் கொதிக்கவைக்கத் தவறிவிட்டீர்கள்."

"இன்னும் சத்தமா சொல்லுங்க. எனக்கே கேக்கல."

அவர் முயன்று பார்த்தார். இருமல்தான் வந்தது. அந்த அம்மாள் தன் பங்கைப் படித்தாள்: "மேற்படி குற்றச்சாட்டை நான் வன்மையாக மறுக்கிறேன். தங்கள் உறவினர்களின் நடத்தையே இதற்கு முழு முதற் காரணம் என்பதைக் கனிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." குரல் கணீரென்று இருந்தது. ஆனால் மூன்றாவது நடைமேடையிலிருந்து ஏதோ பேருந்து புறப்படப் போகிறது என்றுதான் கேட்கிறவனுக்குத் தோன்றும்.

"தேறாது," என்றார் உஷ் சார். கதவில் சிவப்பு எழுத்தை நினைத்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்குச் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு வீடுதான். தெருவில் தலைநிமிர்ந்து நடந்ததும் அந்த வீட்டால்தான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கசிவு ஆய்வாளர் வந்தார். தெருவே வந்திருந்தது. மற்ற வீட்டுச் சோதனைகளை யாரும் தவறவிடுவதில்லை. பதினேழாம் எண் வீட்டில் முதல் சண்டை என்பதால் மேனேஜர் நாற்காலியே கொண்டுவந்திருந்தார்.

ஆய்வாளர் தன் வலது காது நல்ல நிலையில் உள்ளது என்ற மருத்துவச் சான்றை எல்லோருக்கும் காட்டினார். பிறகு முறையைச் சொன்னார்.

"ரெண்டு கட்டம். முதல்ல கதவைத் தொறந்து வெச்சு அஞ்சு நிமிஷம். இது அடிப்படைச் சண்டை. அப்புறம் கதவைச் சாத்திட்டுப் பத்து நிமிஷம். அது உறுதிச் சண்டை."

"தொறந்து வெச்சு எதுக்குங்க?" என்றார் உஷ் சார்.

"போன மாசம் சில பேர் உள்ள சும்மா உக்காந்திருந்துட்டுச் சான்றிதழ் வாங்கிட்டாங்க. அதனால உங்களுக்குச் சண்டை போடற தகுதி இருக்கான்னு முதல்ல பாக்கணும். ரெண்டு பேர் குரலும் மூணு எட்டு தள்ளித் தெளிவா கேக்கணும். சரி, ஆரம்பிங்க."

கதவு திறந்திருந்தது. உஷ் சார் கூடத்தில் நின்று படிவத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

"கேக்கல," என்றார் ஆய்வாளர்.

"தாங்கள் இன்று காலை..."

"கேக்கல. நாலு நிமிஷம்தான் இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். நீயாவது ஆரம்பி என்று கண்ணால் கெஞ்சினார். அந்த அம்மாள் படிவத்தைப் பார்த்தாள். பிறகு கதவோரம் வரிசையாக, சுருக்கமில்லாமல், அழகாக ஒட்டியிருந்த நாடாவைப் பார்த்தாள். படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் கேட்டு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு," என்றாள்.

படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் குரல் தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

"இருபத்திரண்டு வருஷம். ஒரு ஜன்னல். தங்கம் கேக்கல, புடவை கேக்கல. கழுத்துல காத்து அடிக்குது, கொஞ்சம் அடைச்சுக் குடுங்கன்னு கேட்டேன். பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம். ஆபீஸ்லருந்து ஒரு கடுதாசி வந்துச்சு, ரெண்டே நாள்ல வீடு பூரா ஒட்டியாச்சு. அவர் வந்து நிக்கிற வாசல்ல ஒட்டினீங்க. நான் படுக்கிற பக்கத்துல ஒட்டல. அதுக்கு மட்டும் நாடா தீந்துபோச்சு. நானும் கடுதாசி போட்டிருக்கணும். முத்திரை வெச்சு, படிவம் ஒன்பதுல."

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

உஷ் சாருக்கு முகம் எரிந்தது. கையிலிருந்த படிவத்தில் அடுத்த வரி அவருடையது: 'தங்கள் கூற்று ஆதாரமற்றது.' அதைப் படிக்க வாயைத் திறந்தார். வரவில்லை. அவள் கழுத்தைப் பார்த்தார். அது ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது போலிருக்கிறது, அன்றுதான் அவர் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"ஒரு நிமிஷம் இருக்கு," என்றார் ஆய்வாளர். "கணவர் குரல் இன்னும் பதிவாகல."

"தப்பு என்னுதுதான்," என்றார் உஷ் சார். அது வழக்கம்போல் ரகசியமாக வரவில்லை. இருபத்தாறு வருஷம் வாசிப்பறையில் அடக்கி வைத்தது மொத்தமும் சேர்ந்து வந்தது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. "எல்லாத் தப்பும் என்னுதுதான்."

ஆய்வாளர் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டு, 'அடிப்படை ஒலி: மிகவும் திருப்திகரம்' என்று எழுதினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே இருவரும் போய்ப் படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றாள் அவள்.

"சண்டை போடணும். இன்னும் பத்து நிமிஷம்."

"எதைப் பத்தி?"

"தெரியல."

"எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. சொல்லிட்டேன்."

ஜன்னல் இடுக்கிலிருந்து காற்று வந்தது. அவர் எழுந்து அந்தப் பக்கம் போய், அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டார். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. பத்து நிமிஷமும் அப்படியே போயிற்று.

வெளியே ஆய்வாளர் வலது காதைக் கதவுப் பக்கம் நீட்டி நின்றார். ஊசி விழுந்தாலும் கேட்கும்போலிருந்தது, ஆனால் உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. சற்று முன்பு காக்கையை விரட்டிய குரல் இது. அப்படிப்பட்ட குரலை இந்தக் கதவு அடக்கிவிட்டது. இரண்டு கட்டச் சோதனை வந்த பிறகு முதல்முறையாகக் கசிவு என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார்.

உஷ் சார் வெளியே வந்தார். அவர் நேர்மையான மனிதர். ஆய்வாளரை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், உள்ள நாங்க சண்டையே போடல. பின்னால ஒரு ஜன்னல் வேற அடைக்காம கிடக்கு," என்றார்.

"ஐயா, உள்ள நீங்க என்ன பண்ணீங்கன்னு நான் எழுதறதில்ல. எனக்கு என்ன கேட்டுதுன்னு மட்டும்தான் எழுதறேன். பின்பக்கம் நின்னு கேக்கறதுக்குப் படிவத்துல இடமும் இல்ல," என்று சொல்லிவிட்டு, ஆய்வாளர் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார்.

அது சாதாரணச் சான்றிதழ் இல்லை. பொன் நிறக் கரை போட்ட, தோசைக்கல் கனத்துக்கு ஓர் அட்டை. 'கசிவில்லா இல்லம்' என்று நடுவில் அச்சிட்டு, நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கூடத்தில் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்று பின்பக்கம் எழுதியிருந்தது.

உஷ் சார் ஆணி எடுத்தார், சுத்தியல் எடுத்தார், சான்றிதழைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, படுக்கையறைக்குப் போனார். அட்டையை நீளவாக்கில் மூன்றாக மடித்து, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வைத்து, சுத்தியலால் பதமாகத் தட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்கார்ந்தது. மெழுகுவத்தியைக் காட்டினார். சுடர் ஆடவில்லை. கசிவு ஒழிப்பு அலுவலகம் ஆரம்பித்த நாளிலிருந்து அடைத்த முதல் இடுக்கு அதுதான்.

மறுநாள் காலையில் அவர் மனைவி கழுத்தை இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள், துண்டை எடுத்துத் தோய்க்கப் போட்டாள். அன்று பேருந்து நிலையத்தில் கூட வேலை பார்க்கிறவளிடம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டாள்.

அதன்பிறகு தெருவில் எல்லோருக்கும் இரண்டு விஷயம் புரிந்துபோயிற்று. ஒன்று, மனசில் இருப்பதையெல்லாம் கதவைத் திறந்து வைத்தே பேசித் தீர்த்துவிட்டால், சாத்திய பிறகு சத்தம் வராது. ஒரு நாடாவும் ஒட்டாமலே பூஜ்யம் வாங்கிவிடலாம். இரண்டு, அப்படி வாங்குகிற சான்றிதழ் எந்த இடுக்கிலும் சரியாகச் செருகும். தோற்றுப்போன வீட்டுக்காரர்களும் மறுசோதனைக்கு விண்ணப்பித்தார்கள். கப்பல் நாடா உரிந்து விழுந்த பிறகு மேனேஜரும் தன் சட்டம் போட்ட சான்றிதழைக் கழற்றி, ராத்திரி யாரும் பார்க்காதபோது குளியலறை ஜன்னலில் செருகினார் என்று கேள்வி. அதை மட்டும் உஷ் சார் வீட்டிலிருந்து யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆறு மாதத்தில் அந்தத் தெருவில் மின்சாரச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அலுவலகத்தில் ஆனந்தம் தாங்கவில்லை. சண்டை முறையின் அறிவியல் அடிப்படை ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது என்று அறிக்கை எழுதினார்கள். விசிறி இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட உத்தரவானது. படிவம் ஒன்பது நாடு முழுவதற்கும் போயிற்று. அலுவலக ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவது குறித்துக் கட்டடப் பிரிவுக்கு நினைவூட்டுக் கடிதமும் போயிற்று.

வருஷம் முடிந்ததும் பழைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு என்றார்கள். உஷ் சார் ஜன்னலிலிருந்து அதைக் கவனமாக உருவி எடுத்துப் போய்க் கொடுத்தார். எழுத்தர் காற்றில் பறந்துவிடாமல் டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து புதுச் சான்றிதழை இழுத்துக் கொடுத்தார். அது சிகரெட் தாள் போல மெல்லிசாக இருந்தது.

"என்ன சார் இது?"

"சிக்கன நடவடிக்கை. இடுக்கெல்லாம் அடைஞ்சு மின்சாரம் மிச்சமாயிடுச்சு. அடுத்தது காகிதத்தை மிச்சப்படுத்தணும்னு சொல்லிட்டாங்க. மேசைமேல வெக்கவே முடியல, பறக்குது."

உஷ் சார் அதை நாலாக மடித்துப் பார்த்தார், எட்டாக மடித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இடுக்கில் வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் காற்று அதைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டது.

அவர் மனைவி அதைப் பொறுக்கி எடுத்தாள். பரணிலிருந்து பழைய துண்டை எடுத்து உதறினாள்.

"ஏங்க," என்றாள், "கடையில இப்ப நாடா எவ்வளவு வேணும்னாலும் கிடைக்குதாம். யாரும் வாங்கறதில்லையாம். ஒரே ஒரு சுருள் போதும்."

உஷ் சார் அந்த இடுக்கைப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார். தான் அன்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. உடனே போய் வாங்கி வரத்தான் செருப்பை மாட்டினார். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், பழைய ரகசியக் குரலில் சொன்னார்:

"பார்த்துக்கலாம்."